கெசியாவைக் கூப்பிட்டவர்

அமெரிக்காவின் மேற்கே, புதிதாகக் குடியேறிய ஊர்களில் அந்தக் காலத்தில் சட்டக் கல்லூரி எல்லாம் கிடையாது. ஒரு வக்கீலை அண்டி, அவருடைய புத்தகங்களைப் படித்துத்தான் வக்கீலாக வேண்டும். ஓபெட் அப்படி வந்தவர். வண்டிச் சக்கரம் செய்துகொண்டிருந்தவர், குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

குரு எல்காணா வக்கீல் மட்டுமல்ல, மாநிலச் சட்டசபை உறுப்பினரும்கூட. அடுத்த வாரம் தேர்தல்.

அன்று கெசியா என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கு. ஒரு வெள்ளைக்காரப் பண்ணையார் அவள் வீட்டைக் கொளுத்திவிட்டு நிலத்தை வளைத்துப்போட்டிருந்தான். கண்ணால் கண்டவள் அவள் ஒருத்திதான். ஆனால் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாதாம். அதற்கு ஒரு சட்டம்!

"கெசியாவைச் சாட்சிக்கு அழைக்கிறேன்" என்றார் எல்காணா.

கெசியா எழுந்து நின்றாள்.

"முடியாது" என்றார் நீதிபதி.

எல்காணா மறுபடி அழைத்தார். அவள் மறுபடி எழுந்தாள். கூட்டம் கூச்சல் போட்டது. ஓபெட் குருவின் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"வேண்டாம் ஐயா. இவர்கள் எல்லாம் உங்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்."

"தெரியும்" என்றவர் மூன்றாம் முறையும் அழைத்தார்.

நீதிபதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எல்காணாவை ஜெயிலில் தள்ளச் சொல்லி, வழக்கை மறுநாளுக்கு ஒத்திவைத்தார்.

ஓபெட் கம்பிக்கு வெளியே நின்று பொருமினார். "இப்படி ஒரு சட்டம் போட்ட புண்ணியவான்களைச் சொல்ல வேண்டும்!"

"தாராளமாகச் சொல்லுங்கள். சபையில் அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்."

ஓபெட் கம்பியை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"கட்சி தூக்கச் சொன்னது, தூக்கினேன். அன்று எனக்கு நாற்காலி பெரிதாக இருந்தது."

"இன்று?"

"இன்று அவள் வீடு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டேன்."

"நாளைக்கு உங்களை வெளியே விடமாட்டார்கள், ஐயா."

"அப்படியானால் நீங்கள் கூப்பிடுங்கள்."

"நானா? அடுத்த மாதம் எனக்குப் பரீட்சை வைத்து வக்கீலாக்கப் போகிறவரே அந்த நீதிபதிதான்! கோர்ட்டில் வாய் திறக்க எனக்கு இன்னும் உரிமைகூடக் கிடையாது."

எல்காணா கம்பியருகே வந்தார்.

"கெசியாவுக்கும்தான் கிடையாது."