பதினோரு நிமிடம்

"ஏனுங்க டீச்சர், இதைத் தூக்கிக் குப்பையில போட்டறலாமுங்களா?"

குழந்தைவேலு கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். பூங்கோதையின் ரிப்பேர் கடை மாவு மில்லுக்கு மேலே, மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

டீச்சர் பூங்கோதைக்கு முப்பத்துமூன்று. ஆறு வருடத்துக்கு முன்னால் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் தமிழ் டைப்பிங் கற்றது இவளிடம்தான். அன்றிலிருந்து இவள் அவருக்கு டீச்சர், அவர் இவளுக்கு அய்யா. அதில் இருவருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை.

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு மேஜையும் ஒரு பெஞ்சும் போட்டு மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். குழந்தைவேலு எழுதின மனு திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவருக்கு இருக்கிற சொத்தே அந்தப் பேச்சுதான்.

இப்போது அந்தச் சொத்துக்கு ஆபத்து வந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டால் பெட்டி தயாராகப் பதினோரு நிமிடம் ஆகிறது. பக்கத்துக் கடைக்காரன் புது மெஷின் வாங்கிவிட்டான். இங்கே வந்து நிற்கிறவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அங்கே நகர்கிறார்கள்.

புதிதாக வாங்க வழியில்லை. கையில் இருக்கிற பணம் ஏதாவது ஒரு சாமானுக்குத்தான் காணும். மருமகன் புதுக் கேபினட் போடச் சொல்கிறான், அதற்குள் கலர் கலராக விளக்கு எரியுமாம். சம்பந்தி ராம் மெமரியைக் கூட்டிப் போடச் சொல்கிறார். சம்பந்தி கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது.

"எதை மாத்தறதுங்க டீச்சர்?"

"எப்பங்கய்யா காக்க வைக்குது?"

"எப்பவுந்தானுங்க."

பூங்கோதை பெட்டியை அவர் பக்கமே தள்ளினாள்.

"இன்னிக்கு முழுக்க இதுலயே வேலை செய்ங்க. எங்கெங்க காத்திருந்தீங்க, அப்ப என்ன நடந்துதுன்னு எழுதிட்டு வாங்க."

மறுபடியும் பதினெட்டுப் படி. அவருக்குக் கோபம் வந்தது. மூன்று இடத்தில் பெட்டியை இறக்கி வைத்து மூன்று தடவை கோபப்பட்டார். ஆனாலும் எழுதினார். எழுதச் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க அவரால் முடியாது.

*

மறுநாள் பெட்டியோடு கொண்டுவந்த தாளில் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

'ஸ்விட்ச் போட்டது முதல் திரை வரும்வரை பதினோரு நிமிடம். அதற்குள் ஆறுச்சாமியின் வாய்க்கால் தகராறு முழுவதும் கேட்டாயிற்று. ஃபைல் திறக்க மூன்று நிமிடம். ஆறுச்சாமி அழுதார். டைப் அடிக்கும்போது தாமதமில்லை. சேமிக்க இரண்டு நிமிடம். டீ வந்தது.'

பூங்கோதை அதை இரண்டு தடவை படித்தாள். டீ வந்த இடத்தில் சிரித்தாள். தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு பெட்டியைத் திறந்தாள். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி தூசி. காற்றாடிக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடுகள். பிரஷ்ஷால் பொறுமையாகத் தட்டி எடுத்தாள். மூடாமலே ஸ்விட்சைப் போட்டு, அவரைக் குனியச் சொன்னாள்.

"என்னங்க கேக்குது?"

"சோத்துல கல்லு கடிச்சாப்பல கேக்குதுங்க."

"அதுதானுங்க காக்க வைக்குது. டைப் அடிக்கறப்ப அது உங்களைத் தொந்தரவு பண்ணலையே."

அது உள்ளே சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க். அதிலிருந்த மனுக்களையெல்லாம் எஸ்.எஸ்.டி. என்கிற புது மாதிரி டிஸ்க்குக்கு மாற்றி, அதைப் பெட்டிக்குள் மாட்டினாள். உள்ளங்கை அளவுதான் இருந்தது, சுற்றவும் இல்லை, சத்தமும் இல்லை. எல்லாம் முடியச் சாயங்காலம் ஆயிற்று. கொண்டுவந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. பழைய டிஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

குழந்தைவேலு ஸ்விட்சைப் போட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தார். இருபது எண்ணுவதற்குள் திரை வந்துவிட்டது. நம்பாமல் அணைத்துவிட்டு மறுபடி எண்ணினார். அப்போதும் இருபதுதான்.

போகும்போது படியில் எங்கேயும் பெட்டியை இறக்கி வைக்கவில்லை.

*

நகர்ந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மனு எழுதியவர் பதினைந்து எழுதினார். பக்கத்துக் கடைக்காரனே ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அன்று ராத்திரி அவர் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்த மாதம் மூன்று மனுக்கள் திரும்பி வந்தன.

முதல் மனு திரும்பியபோது கிளார்க்கைத் திட்டினார். இரண்டாவது திரும்பியபோது காலத்தைத் திட்டினார். மூன்றாவது திரும்பியபோது திட்ட ஆள் கிடைக்கவில்லை. அந்த மனுவுக்குச் சொந்தக்காரி மாராத்தாள் நேரிலேயே வந்து நின்றாள்.

இரண்டு பஸ் மாறி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். செத்துப்போன வீட்டுக்காரரின் வாரிசுச் சான்றிதழுக்கான மனு அது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவள் குடியிருக்கிற ஓட்டு வீடு அவள் பேருக்கு வராது. மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'வாரிசு ஒருவர் விடுபட்டுள்ளார்.'

நீங்கள் சொன்ன பேரையெல்லாம் எழுதினேனே என்றார் குழந்தைவேலு.

"ஆமாங்க, எழுதுனீங்க," என்றாள் மாராத்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. "அன்னிக்கு நீங்க பொட்டியவே பாத்துட்டு இருந்தீங்க. நடுவால நாம எதுக்குப் பேசறதுன்னு நானும் இருந்துட்டேனுங்க."

அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெட்டியைக் கயிறு போட்டு மொபெட்டில் கட்டினார். பழைய டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

*

"இதையே திரும்ப மாட்டிக் குடுத்துருங்க டீச்சர்."

பூங்கோதை ஒரு லேப்டாப்பைப் பிரித்து வைத்திருந்தாள். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். போன் அடித்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். ஸ்டூலில் படிந்திருந்த மாவைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன ஆச்சுங்கய்யா?"

அவர் சொன்னார். மூன்று மனுவையும் பற்றிச் சொன்னார். யார் யாருடையது என்று அவள் கேட்டாள், அதையும் சொன்னார். சிவப்பு மையில் எழுதியிருந்ததைச் சொன்னார். அந்தம்மா காலையில் ஏதாவது சாப்பிட்டார்களா என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

முன்பெல்லாம் பெட்டி கிளம்புகிறவரை பெஞ்சில் இருப்பவரிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்பேன் என்றார். பதினோரு நிமிடத்தில் மனு தானாக மனசுக்குள் அடுக்கிக்கொள்ளும், அப்புறம் தட்ட வேண்டியதுதான் பாக்கி. இப்போது ஆள் உட்காருவதற்குள் பெட்டி தயாராகிவிடுகிறது, அது பார்த்துக்கொண்டிருக்கும்போது தன்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முப்பது வருடத்தில் இப்படி ஆனதில்லை என்றார். வெட்கமாக இருக்கிறது என்றார். அதை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"வேகமா வேணும்னு கேட்டது நாந்தானுங்க. உங்க மேல குத்தமில்லைங்க டீச்சர்."

பூங்கோதை தலையை ஆட்டினாள். மேலே சொல்லுங்கள் என்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் பேசினார் என்று அவருக்கே தெரியவில்லை. தற்செயலாகத் திரும்பியபோது பெட்டி கண்ணில் பட்டது. வைத்த இடத்திலேயே இருந்தது. ஒயர் மாட்டவில்லை. கட்டியிருந்த கயிறுகூட அவிழவில்லை.

"இன்னும் ஆன் பண்ணிக்கூடப் பாக்கலீங்களே டீச்சர்?"

"நீங்க இன்னும் சொல்லி முடிக்கலீங்களே அய்யா."

கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தைவேலு ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு டிஸ்க்கைப் பழையபடி துண்டில் சுற்றினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

*

மாராத்தாள் பெஞ்சில்தான் இருந்தாள்.

பெட்டியைக் கயிற்றோடு மேஜைக்கு அடியில் தள்ளினார். டீக்கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீயும் ஒரு பன்னும் சொன்னார். தன் நாற்காலிக்குப் போகாமல் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நீங்க வாக்கப்பட்டு வந்ததுல இருந்து சொல்லுங்கம்மா."

மாராத்தாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு அதுக்கு முந்தியே ஒரு கதை இருக்குதுங்க," என்றாள்.