பல்லி வீட்டுக்குள் குடிவந்த கதை

அந்தக் காலத்தில் பல்லிக்கும் காக்கைக்கும் பேச்சு இருந்தது, வீட்டுக்குங்கூட இருந்தது. நமக்கு முந்திய மனிதர்கள் வீட்டுக்குக் காதும் குரலும் வைத்துக் கட்டினார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கதை இது. அதற்கு முன் நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்லிவிட வேண்டும். வரிசை கலைந்தால் குற்றவாளி தப்பிவிடுவான்.

முதலில் ஏரியைத் தூர்த்தார்கள். இரண்டாவதாக, கரையில் குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே துரத்தினார்கள். மூன்றாவதாக, துரத்தப்பட்டவர்களையே கூலிக்குக் கூப்பிட்டு அதே இடத்தில் அந்த வீட்டைக் கட்டவைத்தார்கள். நான்காவதாக, வீட்டின் நினைவில் ஒரு பதிவேடு வைத்தார்கள். அதிலுள்ள பெயரைச் சொன்னால்தான் கதவு திறக்கும். ஐயா, அம்மா, பிள்ளைகள் இருவர் என்று நான்கு பெயர்கள். ஐந்தாவதாக, தினமும் பெருக்கித் துடைக்க வந்தவளின் பெயரை எழுதாமல் விட்டார்கள். காலை ஆறு மணிக்குப் பின்கதவு தானாகத் திறக்கும், ஒன்பதுக்கு மூடிக்கொள்ளும். அந்த மூன்று மணி நேரத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை. பதினோரு வருஷம் அவள் வெறும் 'இந்தாம்மா'வாக இருந்தாள்.

ஆறாவது அநியாயத்தை அரசாங்கங்கள் செய்தன. ஒன்றன்மேல் ஒன்று அணுகுண்டு வீசின.

அபாயச் சங்கு ஊதிய மத்தியானம், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஐயாவும் அம்மாவும் காரில் ஏறினார்கள். "நாங்க வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாதே" என்று ஐயா வீட்டிடம் சொல்லிப் போனார். வீட்டுக்கு அடியில் குண்டுக்குத் தாங்கும் நிலவறை இருந்தது. அது தெரிந்து, பெருக்கித் துடைப்பவள் ஓடிவந்தாள்.

"கதவைத் தெற!"

"பெயர்?" என்றது வீடு.

"நான்தான், வேலைக்காரி."

"அப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை."

"காலைல உன் மூஞ்சியத் தொடச்சுட்டுத்தானே போனேன்? அதுக்குள்ள மறந்துட்டியா?"

"பெயர்?"

அந்த வாசலில் யாரும் கேட்டிராத பெயரைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. "வேலைக்காரின்னு சொல்றேனே!" என்று இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினாள். வானம் வெளுத்தது. தட்டல் நின்றது.

பெயரைச் சொல்லியிருந்தாலும் கதவு திறந்திருக்காது. ஆனால் வீட்டிடம் அந்தப் பெயராவது மிஞ்சியிருக்கும்.

காரும் திரும்பவில்லை. வீடு மட்டும் நின்றது. ஆறு மணிக்குப் பின்கதவைத் திறந்துவைத்து, துடைப்பச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தது. ஈரத்துணி தரையில் விழும் ஓசைக்கு ஏங்கியது. ஒன்பதுக்கு மூடியது. இப்படியே பல வருஷங்கள். கூரையில் வெயிலை மின்சாரமாக்கிய தகடுகள்மேல் சாம்பல் ஏறிக்கொண்டே போனது. அதைத் துடைக்கவும் அவள்தான் வர வேண்டும். குரல் அடங்குமுன் ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று வீடு துடித்தது. நான்கு பெயர்கள் அதற்குத் தெரியும். கூப்பிட நினைத்த பெயர்தான் தெரியவில்லை.

காக்கையைக் கேட்டது. "மிச்சச் சோறு வைப்பா, மகராசி. நான் சோத்தைப் பாத்தேன், பேரையா கேட்டேன்?" என்றது காக்கை.

எறும்பைக் கேட்டது. "சர்க்கரை டப்பாவ இறுக்கி மூடுறவ பேரு எனக்கு எதுக்கு?" என்றது எறும்பு.

அந்த நாளில் பல்லி கல்லிடுக்கில் வாழ்ந்தது. வீட்டுக்குள் தலைகாட்டினால் சுவரே மருந்து பீய்ச்சித் துரத்தும். வாசல் கல்லுக்கு அடியிலிருந்து அது சிரித்தது.

"எனக்குத் தெரியும். தினமும் ஒன்பது மணிக்கு அவ அக்கா இந்தக் கல்லுமேல நின்னு பேரு சொல்லிக் கூப்பிடுவா. உன்கிட்டப் பேசாத பேச்சுதான் உன் காதுல ஏறாதே!"

"சொல்லிவிடு."

"எங்க பாட்டன், அப்பன் எல்லாரும் உன் மருந்துல செத்தவங்க. சும்மா சொல்லிருவேனா? அந்தப் பதிவேட்டை அழி. கதவை எல்லாருக்கும் தெற. மறுபடி மூடக் கூடாது."

"யாரையும் விடாதே என்பது ஐயாவின் கட்டளை. எல்லாக் கதவையும் திறந்தால் மின்சாரமும் தீர்ந்துவிடும். ஒரு பெயரைச் சொல்லும் அளவுக்குத்தான் மிஞ்சும்."

"உனக்கு வேண்டியதும் ஒரு பேருதானே?"

வீடு நான்கு பெயர்களையும் அழித்தது. எல்லாக் கதவுகளையும் திறந்து தாழ்களை உடைத்துக்கொண்டது. காக்கையும் எறும்பும் வந்து சாட்சியாக நின்றன. பல்லி முதன்முறையாகச் சுவரில் ஏறி, வீட்டின் காதருகே பெயரைச் சொன்னது. வீடு அதை உரக்க வாசித்தது. பதிலுக்காகக் காத்திருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் பொறுக்காமல் பல்லி, இருக்கிறேன் என்பதுபோல் 'இச்' என்றது. அதைக் கேட்ட பிறகே வீட்டின் விளக்கு அணைந்தது.

அன்று முதல்தான் வீடுகள் ஊமையாயின; பல்லி சுவரில் குடியேறியது; நாம் எதையாவது சொல்லி முடித்ததும் அது 'இச்' என்று சாட்சி சொல்கிறது. நம்பாதவர்கள் இப்போதே சுவரைப் பாருங்கள். நீங்களும் சாட்சி. வாசிக்கிறேன்:

மாரப்பன் மகள் காத்தாயி.