முதலையின் நாக்கைத் தைத்த நாள்

விலங்கும் பறவையும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், ஒரு காட்டில் பல ஆண்டுகள் மழையே இல்லை. காட்டின் நடுவே ஓடிய ஆறு கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குள் இறங்கி மறைந்தது. மருத மரங்கள் நின்ற ஒரு வளைவில் மட்டும் ஆழமான மடு ஒன்று மிஞ்சியது. அத்தனை உயிருக்கும் அதுதான் தண்ணீர்.

தாகத்தில் யார் கண்ணுக்கும் யாரும் தெரியவில்லை. எருமைகள் ஒரு பக்கம் இடித்துக்கொண்டு இறங்கின. பன்றிகள் மறுபக்கம் முட்டிக்கொண்டு பாய்ந்தன. நடுவில் சிக்கிய முயல்களும் கன்றுகளும் சேற்றில் மிதிபட்டுச் செத்தன.

அந்த மடுவில் மடுவன் என்றொரு முதலை இருந்தான். அப்போது முதலைக்கு நீளமான, நினைத்தபடி வளைகிற நாக்கு. மடுவன் மீனைத் தவிர வேறெதையும் தின்றதில்லை. அவன் பேச ஆரம்பித்தால் மீன் பிடிக்க நின்ற கொக்கு மீனை விட்டுவிட்டு அவன் பேச்சைக் கேட்கும். எல்லோரும் திரண்டு அவனிடம் போனார்கள்.

"அண்ணா, உன்னிடம் பல்லும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. யார் எப்போது குடிக்கலாம் என்று நீயே சொல். மீறினது யார் என்று நீயே பார். அவனை என்ன செய்வது என்பதையும் நீயே முடிவு பண்ணு" என்றது கிழட்டு எருமை.

"எல்லாவற்றையும் என் ஒருவன் தலையிலேயே வைக்கிறீர்களே?" என்று மடுவன் தயங்கினான்.

"உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்றார்கள். மடுவன் சரி என்றான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. காலையில் பறவைகள், வெயில் ஏறியதும் மான்கள், பொழுது சாயும்போது பெரிய விலங்குகள் என்று மடுவன் முறை வைத்தான். யாரும் மிதிபடவில்லை. ஒருநாள் இளம் பன்றி ஒன்று முறை தவறி மான்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கியது. மடுவன் அதைக் கவ்வி உள்ளே இழுத்தான். கரையில் நின்றவர்கள் திடுக்கிட்டாலும், "முறை தவறினால் அப்படித்தான்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பன்றியின் ருசி மடுவனின் நாக்கில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு புதுப்புது விதிகள் பிறந்தன. நிழல் தண்ணீரில் விழக் கூடாது என்றான். குடிக்கும்போது சத்தம் வரக் கூடாது என்றான். விதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாய் தண்ணீரைத் தொட்ட பிறகுதான், "இன்று முதல் இடது கால் முன்னால் வைப்பது குற்றம்" என்று தண்ணீருக்கடியிலிருந்து குரல் வரும். குனிந்து பார்த்தால் இடது கால் முன்னால் இருக்கும். அடுத்த நொடி அந்த இடத்தில் குமிழிகள் மட்டும்தான்.

மடுவனை இப்போது யாரும் அண்ணா என்று கூப்பிடுவதில்லை. ஐயா என்றார்கள். மடுவின் பக்கம் பேச்சே நின்றுபோனது. பறவைகள் சிறகை இறுக்கிக்கொண்டு வந்து, இரண்டு வாய் குடித்துவிட்டுப் பறந்துவிட்டன. காய்ந்த இலை விழுந்தால்கூட மந்தை முழுவதும் விதிர்விதிர்த்தது. சில விலங்குகள் மடுவுக்குப் போகாமலே இருந்து, புதர்களுக்குள் நாக்கு வறண்டு செத்தன.

மருளி என்கிற பெண்மானின் தங்கையும் அந்த மடுவில்தான் போனாள். என்ன விதியை மீறினாள் என்று மருளிக்குத் தெரியாது. கேட்கவும் பயம். தங்கை போன கொஞ்ச நாளில் மருளிக்குக் கன்று பிறந்தது. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கன்று வெறும் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணீர்" என்று முனகியது.

மடுவுக்குக் கூட்டிப் போனால் முதலை. போகாவிட்டால் தாகம். மருளி கன்றைப் புதரில் படுக்க வைத்துவிட்டு, மடுவின் ஓரச் சேற்றில் கிடந்த கல்லாயி என்ற ஆமையிடம் போனாள். மடுவனின் பல் இறங்காத உடம்பு அந்தக் காட்டில் கல்லாயிக்கு மட்டும்தான். ஆனாலும் அவள் பல நாளாகத் தலையை வெளியே நீட்டவில்லை.

"அக்கா, நாளைக்கு என் பிள்ளையைத் தண்ணீருக்குக் கொண்டு வருகிறேன். நீ பக்கத்தில் இரு" என்றாள் மருளி.

ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் இருந்து என்ன ஆகப் போகிறது?"

"கேள்வியாவது கேட்கலாம். ஓடு இருக்கிற நீயே உள்ளே ஒளிந்துகொண்டால், தோல் மட்டும் இருக்கிற நாங்கள் எங்கே போவோம்?"

கல்லாயி கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். மருளி கன்றிடம் திரும்பிப் போனாள்.

மறுநாள் மான்களின் முறை வந்தபோது மருளி கன்றோடு இறங்கினாள். கன்றுக்கு ஒன்றும் தெரியாது. அது நேராகப் போய் மூக்கைத் தண்ணீரில் வைத்து உறிஞ்சியது.

தண்ணீர் மெல்லப் பிளந்து இரண்டு கண்கள் மேலே வந்தன.

"இன்று முதல் கன்றுகள் இந்த மடுவில் குடிப்பது குற்றம்" என்றான் மடுவன், தேன் போன்ற குரலில்.

மருளி பாய்ந்து கன்றின் முன்னால் நின்றாள். கத்த நினைத்தாள், குரல் வரவில்லை. கரையில் இருந்த அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அப்போது சேற்றிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயா, இந்த விதி எப்போது வந்தது?"

கல்லாயி தலையை வெளியே நீட்டியிருந்தாள்.

"இப்போது."

"யார் போட்டது?"

"நான்."

"குழந்தை குடித்த பிறகு போட்ட விதியைக் குழந்தை எப்படி மீறும்? மீறியது என்று சொன்னது யார்?"

"அதுவும் நான்தான்."

"தின்னப் போவதும் நீதான். அப்படியென்றால் கரையில் இத்தனை பேர் எதற்கு நிற்கிறோம்? இரையாகவா?"

மடுவனின் வால் தண்ணீரை அறைந்தது. அவன் மானை விட்டுவிட்டு ஆமையின் மேல் பாய்ந்து கவ்வினான். பற்கள் ஓட்டில் கிரீச்சிட்டு வழுக்கின. ஓட்டில் கோடு கோடாக விரிசல் விழுந்தது. ஆனால் ஓடு உடையவில்லை. வாய்க்குள் போன கல்லாயி, இருட்டில் தன் முகத்துக்கு நேரே புரண்ட நாக்கைத் தாடையால் இறுகப் பற்றிக்கொண்டாள்.

மடுவன் புரண்டான், உருண்டான், தலையைப் பாறையில் அடித்தான். பிடி விடவில்லை. ஆமை நடுவில் முட்டுக்கொடுத்து நின்றதால் வாயை மூடவும் முடியவில்லை. கடைசியில் மூச்சு வாங்க, பிளந்த வாயோடு கரையில் கிடந்தான்.

"கொல்லுங்கள்!" என்று கூட்டம் கத்தியது.

ஒரு பெரிய ஆண்பன்றி முன்னால் வந்தது. கோரைப்பற்களைத் தரையில் தேய்த்துக்கொண்டே, "நான் கொல்கிறேன். இனி மடு என் பொறுப்பு. விதியை நான் பார்த்துக்கொள்கிறேன், தண்டனையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாகக் குடியுங்கள்" என்றது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. மருளி மட்டும் அதில் சேரவில்லை. பன்றியின் கோரைப்பற்களை அவள் பார்த்தாள். தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம்!" என்று கத்தினாள். தன் குரலா இது என்று அவளுக்கே ஆச்சரியம். "மடுவனும் முதலில் நல்லவன்தான். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே வாயில் கொடுத்தோம். இன்னொரு வாயில் கொடுத்தால் இன்னொரு நாள் இதே போல நடுங்குவோம். காவலுக்குப் பல் வேண்டும். பல் அவனிடமே இருக்கட்டும். விதி சொல்கிற நாக்கு அவனுக்கு வேண்டாம்."

"அப்படியென்றால் விதி யார் சொல்வது?" என்று பன்றி உறுமியது.

மருளி சுற்றிலும் பார்த்தாள். சேறு முழுவதும் தவளைகள். "இவர்கள் சொல்லட்டும். யாரையும் கடிக்க இவர்களால் முடியாது. ஒரு தவளை தனியாகச் சொன்னால் அது விதி இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து, காடு முழுவதும் கேட்கும்படி, முன்கூட்டியே சொல்ல வேண்டும். மீறினதாக யாரையாவது பிடித்தால் கல்லாயி அக்கா தீர்ப்புச் சொல்லட்டும். அவளை யாரும் கடித்து மிரட்ட முடியாது. தவளைகளின் விதியே அநியாயம் என்றாலும் அவள் அதைத் தள்ளிவிடலாம். அவள் சொல்லாமல் மடுவனின் பல் யார் மேலும் படக் கூடாது."

"அவர்கள் கத்தி முடித்து, இவள் யோசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் தாகத்தில் போய்விடுவோம்!" என்றது பன்றி.

"தாமதமானால் தாகம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளலாம். என் தங்கை அவசரத் தீர்ப்பில்தான் போனாள்" என்றாள் மருளி.

பன்றி கூட்டத்தைப் பார்த்தது. எல்லோருடைய கண்ணும் தன் கோரைப்பற்களின் மேலேயே இருப்பது தெரிந்ததும் பின்வாங்கியது.

மடுவனின் நாக்கை அசையாதபடி தாடையோடு தைத்துவிடுவது என்று முடிவானது. தைக்க யார் போவது? இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டை எல்லோரும் பார்த்தார்கள். விரல் அளவே இருந்த அந்தக் குருவி, "ஆமை பிடியை விட்டால் நான் செத்தேன்" என்று அழுதது. அழுதுகொண்டே நார் ஒன்றைக் கவ்விக்கொண்டு அந்த வாய்க்குள் நுழைந்தது. உள்ளே அழுகல் வாடை. நாலா பக்கமும் பற்கள். ஒவ்வொரு குத்துக்கும் மடுவனின் தொண்டை அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் கரையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாக்கின் அடி முழுவதையும் கீழ்த்தாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, சிட்டு வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகுதான் கல்லாயி பிடியை விட்டாள்.

மடுவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. அவன் தண்ணீருக்குள் இறங்கிப் போனான்.

கன்று மறுபடியும் குனிந்து குடித்தது. மருளியும் குடித்தாள். ஆனால் இரண்டு வாய்க்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பல் வரிசை அத்தனை இருந்தும் முதலையால் நாக்கை நீட்ட முடியாமல் போனதும், கரையில் வாயைப் பிளந்தபடியே அது கிடப்பதும் அந்த நாளிலிருந்துதான். தவளைகள் கூட்டமாகச் சேர்ந்து கத்துவதும், ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வெகுநேரம் யோசிப்பதும், அதன் ஓட்டில் கோடுகள் ஓடுவதும் அதனால்தான். தையல் இன்றுவரை பிரியவில்லை. ஆனாலும் ஒரு மான்கூட அதை நம்பித் தலை தூக்காமல் தண்ணீர் குடிப்பதில்லை.