பதினொரு லீட்

ஈரோட்டில் குழந்தைவேலு என்பவர் வெல்னஸ் சென்டர் நடத்தினார். பேஸ்புக் விளம்பரத்தில் தன் படத்தையே பெரிதாகப் போட்டுக்கொள்கிற ஆள். விளம்பரத்தைப் பார்த்து யாராவது பேரும் நம்பரும் எழுதி அனுப்பினால், அது ஒரு லீட்.

ஒரு நாள் எல்லோர் முன்னாலும் ரிசப்ஷன் பொற்கொடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு லீடுக்கு நானூறு ரூபா போகுது. உனக்குப் பேசத் தெரியல. இனிமே ஒண்ணுகூட வீணாகக் கூடாது. வீணாச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்க."

"வீணானதுல பதினொண்ணு ஒரே ஆள் அனுப்பினதுங்க சார். உங்ககிட்டதான் பேசுவாங்களாமா. நீங்க ஒருதரம் பேசிட்டா நின்னுரும்."

"போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வை. எப்படிப் பேசறதுன்னு எல்லாரும் பாருங்க."

பொற்கொடி நம்பரை அழுத்தினாள். அவர் தொண்டையைச் செருமி, "வணக்கம், உங்க ஆரோக்கியமே..." என்று ஆரம்பித்தார்.

"கண்ணு, சாப்பிட்டியா?"

சென்னிமலையில் தனியாக இருக்கும் அவருடைய அம்மா.

"நான் கூப்பிட்டா நீ எடுக்கறதில்ல. உன் படம் போட்ட விளம்பரத்துல எழுதினா ஒரே நாள்ல கூப்பிடுவோம்னு போட்டிருந்துச்சு. வாரம் தவறாம எழுதறேன்."

அவர் லீட் லிஸ்டைப் பார்த்தார். "முட்டி வலின்னு எழுதியிருக்கியேம்மா?"

"வலியெல்லாம் இல்ல சாமி. ஏதாச்சும் ஒரு வியாதி சொன்னாத்தான் அனுப்ப விடுது."

அடுத்த வாரம் அந்த நம்பரிலிருந்து லீட் வரவில்லை. குழந்தைவேலு சென்னிமலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.