ஓடாத கேமராவுக்கு ஒரு சிரிப்பு

ஒரு முடிச்சைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டு அவிழ்த்துப் பாருங்கள்.

திலகவதி அம்மாள் என்று ஓர் எழுத்தாளர். மாயவனத்து இளவரசி ஒருத்தியைப் பற்றி நான்கு பாகமாகக் கதை எழுதினார். இரண்டாம் பாகத்தில் இளவரசி இறந்துபோகிறாள். நான்காம் பாகத்தின் கடைசியில் கண் திறந்து சிரிக்கிறாள். அந்த நான்காம் பாகம் அச்சாவதற்குள், கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க இயக்குநர் இளஞ்சேரன் வந்துவிட்டார்.

"புத்தகம் வரும்வரை அவள் பிழைப்பது வெளியே தெரியக் கூடாது. சத்தியம் செய்யுங்கள்" என்றார் எழுத்தாளர். இளஞ்சேரனும் செய்தார்.

இளவரசியாக நடித்தவள் குயிலி. பாடையில் கிடக்கும் காட்சி எடுத்து முடிந்தது. அப்படி நடித்தவர்கள் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும் என்பது படப்பிடிப்புத் தளத்து வழக்கம். இல்லாவிட்டால் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

இளஞ்சேரன் மறுத்துவிட்டார். "கிரீடத்தோட எழுந்து சிரிச்சா, எவனாவது செல்போன்ல அனுப்பிடுவான். அப்புறம் கதையில என்ன இருக்கு?"

குயிலியின் தாய் கமலவேணி ஓடி வந்து அவரை மறித்தாள். அவள் கணவரும் நடிகர்தான். இப்படி ஒரு காட்சியில் கிடந்துவிட்டு, சிரிக்காமல் அவசரமாகக் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை.

"ஒரே ஒரு சிரிப்பு, தம்பி."

"நான் சத்தியம் பண்ணிட்டேம்மா" என்று இயக்குநர் வெளியே போய்விட்டார்.

கேமராமேன் சவரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. "கேமரா ஓடுதும்மா. பாப்பாவைச் சிரிக்கச் சொல்லுங்க" என்றார். ஆனால் இயக்குநர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, அதை அவர் ஓட விடவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரியாததைக் குயிலி பார்த்துவிட்டாள். தாயின் முகத்தையும் பார்த்தாள். சிரித்தாள்.

"காப்பாத்திட்டே, தாயே" என்று கமலவேணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது ஒரு லாரி ஆட்டோவை உரசுவதுபோல் போனது. குயிலி ஆட்டோ கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"மேக்கப் அரிக்குதும்மா."

வாக்குத் தவறாத இயக்குநர், பொய் சொல்லித் தாயைத் தேற்றிய கேமராமேன், தெரிந்தும் சிரித்து மறைத்த மகள். இந்த மூவரில் யார் செய்தது சரி? நீங்கள் ஒன்று சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

விடை: மூவரும் நல்லவர்கள்தான், ஆனாலும் ஒருவர் செய்ததும் சரியில்லை. இயக்குநர் மறைக்க வேண்டியது இளவரசியின் சிரிப்பை. குயிலியின் சிரிப்பை யார் பார்த்தால் என்ன? கேமராமேன் பயத்தைத் தாயிடமிருந்து எடுத்து மகள் தலையில் வைத்தார். மகளோ அதைத் தனியாகச் சுமந்தாள். பிள்ளை தனியாகப் பயந்து கிடக்க, தான் நிம்மதியாக இருக்க எந்தத் தாய் கேட்பாள்? மறுநாள் குயிலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கமலவேணி திட்டவில்லை. மகளை முகம் கழுவவைத்து, வீட்டில் போடும் சுடிதாரோடு கேமரா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இப்ப எடுங்க தம்பி. இது உங்க இளவரசி இல்ல, என் பொண்ணு." இளஞ்சேரன் சரியென்று தலையசைத்தார். குயிலிக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது.

"அழட்டும், எடுங்க" என்றாள் கமலவேணி. "உயிர் இருந்தாத்தானே அழ முடியும்."