காடு முழுக்கத் தலைவர்கள்

குன்றடிக் காட்டில் வள்ளிக்கிழங்கு ஏராளமாக விளைந்தது. ஆனாலும் அங்கே குட்டிகள் பட்டினி கிடந்தன.

காரணம், கொம்பையா என்ற காட்டுப்பன்றி. "இந்த மண் பாறை மாதிரி! என் கோரைப்பல்லைத் தவிர வேறெதுக்கும் அசையாது!" என்று அவன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சிறு பிராணிகளும் அதை நம்பின. அவற்றின் குட்டிகள் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அவன் தோண்டிய கிழங்குகளை அவன் குகைக்கு இழுத்துப் போயின. அதற்குக் கூலி, கிழங்குத் தோல்!

ஒரு மாலை, செவந்தி என்ற முயலின் மகள் வாயில் வைத்த தோலை மெல்லக்கூடத் தெம்பில்லாமல் உறங்கிப்போனாள். செவந்திக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வளையில் இருந்த பெருச்சாளி பொந்தனிடம் ஓடினாள்.

"பொந்தண்ணே, உங்க பிள்ளைங்க இன்னைக்கு என்ன தின்னாங்க?"

"தோலுதாம்மா. எங்க தலைவிதி!"

அடுத்து முள்ளம்பன்றி முள்ளழகியின் குகை.

"எங்க வீட்டுலயும் அதேதான். வெளியில சொல்லவே வெட்கமா இருந்துச்சு!" என்றாள் முள்ளழகி.

"எல்லா வீட்டுலயும் தோல்தான்னா அது விதி இல்லைக்கா! ஒருத்தனோட தொப்பை!"

வளை வளையாகப் பேச்சு பரவியது. மறுநாள் எல்லோரும் இலந்தை மரத்தடியில் கூடினார்கள்.

"நான் மேல்மண்ணைக் கீறிவிடுவேன். அதுக்கு மேல முடியாது" என்றாள் முள்ளழகி.

"நான் அடியில குடைஞ்சு தர்றேன்!" என்றான் பொந்தன்.

"மண்ணை உதைச்சுத் தள்ள நாங்க இருக்கோம்!" என்றாள் செவந்தி.

குட்டிகள் துள்ளின. "எந்தக் கொடிக்குக் கீழே பெரிய கிழங்கு இருக்குன்னு எங்களுக்குத்தானே தெரியும்! வாங்க காட்டுறோம்!"

பாறை போன்ற மண் மெல்ல மெல்ல இளகியது. முதல் கிழங்கு வெளியே வந்தபோது குட்டிகள் போட்ட கூச்சலில் குன்றே அதிர்ந்தது. அன்றிலிருந்து ஒரு குட்டிகூட கொம்பையாவிடம் வேலைக்குப் போகவில்லை.

கொம்பையா நரி நல்லமுத்துவைக் கூப்பிட்டான். "அந்தக் கூட்டத்தைக் கலைச்சுடு!"

"அதுக்கென்ன அண்ணாச்சி? ஆளுக்கொரு ஆசை காட்டினாப் போதும்!" என்று நரி இளித்தது.

அது முதலில் முள்ளழகியிடம் போனது. "இந்தக் காட்டுல உங்களை மாதிரி அறிவாளி யாரு? கூட்டத்தை விட்டுட்டு வாங்க. கொம்பையா உங்களைத் தலைவி ஆக்குவாரு. தினமும் வீடு தேடிக் கிழங்கு வரும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க!"

இதையே பொந்தனிடமும் சொன்னது. செவந்தியிடமும் சொன்னது. ஒரு வளை விடாமல் சொன்னது!

மறுநாள் மரத்தடியில் மறுபடி கூட்டம். பெரியவர்கள் எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பொந்தனின் மகனுக்கோ வாய் நிற்கவில்லை.

"எங்கப்பா தலைவர் ஆகப்போறாரு!"

"போடா! எங்கம்மாதான் தலைவி! நரி மாமாவே சொன்னாரு!" என்றது முள்ளம்பன்றிக் குட்டி.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் அசடு வழியப் பார்த்தார்கள். முள்ளழகிக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செவந்தி கண் சிமிட்டினாள். "யாரும் மாட்டேன்னு சொல்லாதீங்க. எல்லாருமே பதவி ஏத்துக்குவோம்!"

மறுநாள் காலையில் கொம்பையாவின் குகை வாசலில் காடே திரண்டு நின்றது.

"தலைவி வந்திருக்கேன்! என் கிழங்கு எங்கே?"

"நான்தான் தலைவர்! என் கிழங்கை எடுங்க!"

"நான் குட்டித் தலைவர்! எனக்குச் சின்னதாப் போதும்!"

கொம்பையா திகைத்தான். "டேய் நல்லமுத்து! எத்தனை தலைவரைடா உண்டாக்கினே?"

"வீட்டுக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி..."

கொம்பையா உறுமிக்கொண்டு கூட்டத்தின் மேல் பாயப் பார்த்தான். முள்ளழகியின் குடும்பம் மொத்தமாக முள்ளைச் சிலிர்த்தது. உடனே கொம்பையா திரும்பி நரியின் மேல் பாய்ந்தான். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட, பன்றி துரத்த, இரண்டும் குன்றைத் தாண்டி மறைந்தன.

திரும்பி வந்த கொம்பையா, கிழங்கு இழுக்க ஆளில்லாமல், அதன்பின் தன் வயிற்றுக்கு வேண்டியதை மட்டும் தோண்டித் தின்றான். குட்டிகள் நன்றாகச் சதைப்பிடித்தன. அடுத்த குன்றில் உடும்புக் குஞ்சுகள் பசியால் வாடுவதாகக் கேள்விப்பட்டதும், யாரும் சொல்லாமலே இந்தக் குட்டிகள் அங்கே கிளம்பிப் போயின. வளை வளையாக நுழைந்து, "இன்னைக்கு என்ன தின்னீங்க?" என்று விசாரிக்கத் தொடங்கின.

தனித்தனியாக இருந்தால் எவனும் நம்மை ஏய்ப்பான். கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் பசியும் ஓடும், ஏய்ப்பவனும் ஓடுவான்.