அமாவாசைப் பந்தி

மாடத்திக்கு ஒன்பது வயது. அவளுக்குக் கேடு செய்தவன் அவளுடைய தாய்மாமன். ஒரு நாள் அல்ல, இரண்டு வருஷம். அதை அவள் வாய் திறந்து சொன்ன அன்று, அந்த வாயிலேயே அடித்தவள் அவளுடைய அம்மா வடிவு.

பள்ளிக்கூடத்து ஆயா ஒருத்தி விஷயத்தைப் புரிந்துகொண்டு போலீசுக்குச் சொன்னாள். மாமனைச் சிறையில் வைத்தார்கள். மாடத்தியை மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆசிரமத்தில் சேர்த்தார்கள். தப்பு செய்தவனுக்கும் அதைச் சொன்னவளுக்கும் ஒரே வாரத்தில் வீடு இல்லாமல் போயிற்று.

ஆசிரமத்தின் குரு மரகதம் அம்மா. நாற்பது வயது இருக்கும். காவி கட்டுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். சீடர்களில் மூத்தவர் உலகநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிட இருபத்திரண்டு வயது பெரியவர். எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிட்டார்கள். குருவும் அப்படித்தான்.

வந்த புதிதில் மாடத்தி நின்றுகொண்டே சாப்பிட்டாள். உட்கார்ந்தால் முதுகுக்குச் சுவர் வேண்டும். யாராவது பின்னால் நடந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். என்ன நடந்தது என்று மரகதம் அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் அறைக் கதவுக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னார்.

"சின்னப் பிள்ளை அறைக்கு உள்தாழ்ப்பாளா?" என்றார் உலகநாதன்.

"ஆமா சார். நாம தட்டுவோம். அவ திறந்தா உள்ள போவோம்."

"திறக்கலைன்னா?"

"வெளியிலயே நிப்போம்."

"நீங்களுமா அம்மா?"

"நான்தான் முதல்ல நிக்கணும்."

நாலு மாதம் கழித்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஐந்தாம் மாதம் அடுப்படிப் பூனைக்கு ஹெட்மாஸ்டர் என்று பேர் வைத்தாள்.

"ஏம்மா, என் பேருதான் கிடைச்சுதா?" என்று கேட்டார் உலகநாதன்.

"அதுவும் எப்பப் பாத்தாலும் மொறைக்கி."

அன்று மரகதம் அம்மா சத்தமாகச் சிரித்ததை எல்லோரும் கேட்டார்கள்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மரகதம் அம்மாவின் குரு ஏற்படுத்தியது. அமாவாசை மதியம், இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, யாராவது யாருக்காவது தீங்கு செய்திருந்தால் எழுந்துபோய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் "போகட்டும்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை சோறு பரிமாற மாட்டார்கள். எவ்வளவு அழகான வழக்கம் என்று வெளியூரிலிருந்து வந்தவர்களெல்லாம் வியந்தார்கள். மன்னிப்புக் கேட்டவர்களுக்கு அழகாகத்தான் இருந்திருக்கும். கேட்கப்பட்டவர்களை யார் விசாரித்தார்கள்?

ஐந்தாம் மாத அமாவாசைக்கு வடிவு வந்தாள். எல்லோரும் உட்கார்ந்ததும் நேரே மகளின் இலைக்கு முன்னால் போய் மண்டியிட்டாள்.

"நான் அடிச்சது தப்புத்தான் தாயி. பொறுத்துக்கோ."

மாடத்தி பின்னால் நகர்ந்து சுவரைத் தேடினாள். பந்தியின் நடுவில் சுவர் இல்லை.

"ஒங்க மாமாவும் அழுதுக்கிட்டுத்தான் கெடக்கான். அவனையும் பொறுத்துக்கோட்டி. எல்லாத்தையும் மறந்துட்டு வீட்டுக்கு வா."

நாற்பது இலைகள் வெறுமனே கிடந்தன. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். யாரோ தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்கள்.

"சொல்லும்மா," என்றார் உலகநாதன். கையில் சோற்று வாளி. "ஒரு வார்த்தைதானே? எல்லாரும் பசியோட இருக்காங்க பாரு."

மரகதம் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"போகட்டும்," என்றாள் மாடத்தி.

வடிவு அழுதாள். பந்தியில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உலகநாதன் முதல் கரண்டிச் சோற்றை மாடத்தியின் இலையில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

போகும்போது வடிவு உலகநாதனிடம் சொன்னாள்: "அடுத்த அமாவாசைக்கு வாரேன் சார். வக்கீல் ஒரு தாள் தாரேன்னிருக்காரு. மாமன் ஒண்ணும் செய்யலன்னு அதுல எழுதியிருக்கும். இவ கையெழுத்துப் போட்டுட்டா அவன் வெளிய வந்துருவான். பிள்ளையே பொறுத்துட்டாளே, பெறவு கேஸு எதுக்கு?"

மறுநாள் காலையில் மாடத்தி கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். பாய் நனைந்திருந்தது. அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. பூனை வந்து காலில் உரசியது. அதையும் கூப்பிடவில்லை.

நாலாம் நாள் உலகநாதன் குருவிடம் போனார்.

"அம்மா, எனக்கு இது விளங்கலை. மன்னிக்காம மனசு ஆறாதுன்னு முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். இவ மன்னிச்சிட்டா. நம்ம காதாலேயே கேட்டோம். அப்புறம் ஏன் முன்னைவிட மோசமா இருக்கா?"

"எனக்கும் தெரியணும் சார். வாங்க, அவகிட்டயே கேப்போம்."

கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. மரகதம் அம்மா வெளியே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலியோடு உலகநாதனும் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. குரு வாசற்படியைத் தாண்டவில்லை.

"மாடத்தி, அன்னைக்குப் பந்தியில ஏன் அப்படிச் சொன்னே? சொல்லணும்னு தோணினா சொல்லு. இல்லேன்னா வேண்டாம்."

மாடத்தி உலகநாதனைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் பசிச்சுது," என்றாள்.

உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் அவளை..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா, நீங்கதான். பேசாம பார்த்துக்கிட்டு இருந்தவ நான். யார் தப்பு பெரிசுன்னு நாம அப்புறமா சண்டை போட்டுக்கலாம் சார்." பிறகு மாடத்தியிடம் சொன்னார்: "உங்கம்மா அடுத்த அமாவாசைக்கு வருவாங்க. ஒரு தாள் கொண்டுவருவாங்க. மாமா ஒண்ணும் செய்யலைன்னு நீ கையெழுத்துப் போடணுமாம். நீ வேண்டாம்னா அவங்களை வாசல்லயே நிறுத்திடுவேன்."

இரண்டு நாள் கழித்து மாடத்தியே அடுப்படியில் இருந்த மரகதம் அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா வரட்டும். நான் கதவுப் பக்கத்துல இருப்பேன்."

"கதவு?"

"தொறந்து கெடக்கணும்."

"சரி."

அடுத்த அமாவாசைக்கு வடிவு வந்தாள், கையில் மடித்த தாளோடு. இலை போட்டதும் மரகதம் அம்மா சொன்னார்: "பரிமாறுங்க சார்."

உலகநாதன் தயங்கினார். "இன்னும் யாரும் மன்னிப்பே கேட்கலையே அம்மா. உங்க குரு வச்ச வழக்கம்."

"தெரியும்."

"இன்னைக்கு மட்டுமா?"

"இல்லை. இனிமே எப்பவும் சோறு முதல்ல."

உலகநாதன் கதவுப் பக்கத்திலிருந்து பரிமாறத் தொடங்கினார். எல்லோரும் சாப்பிட்டார்கள். வடிவு தூணருகே நின்றாள், இலைக்கு உட்காரவில்லை.

பாதிச் சாப்பாட்டில் மரகதம் அம்மா எழுந்து போய் மாடத்தியின் முன்னால், கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்தார்.

"போன அமாவாசைக்கு உன்னை இங்க கட்டாயப்படுத்தினோம். தடுக்க வேண்டியவ நான். தடுக்கலை. அது தப்பு. என்னை மன்னிக்க முடியுமா?"

மாடத்தி தன் இலையைப் பார்த்தாள். சோறு இருந்தது. பந்தியைப் பார்த்தாள். எல்லோருடைய இலையிலும் இருந்தது. பிறகு மரகதம் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் அவர் மடியில் இருந்தன.

"மாட்டேன்," என்றாள்.

பந்தியில் எல்லோரும் மரகதம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி," என்றார் மரகதம் அம்மா. "உனக்கு ரசமா, மோரா?"

மாடத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த கைகள் அசையவில்லை.

"ரசம்."

உலகநாதன் ரசம் ஊற்றினார். மாடத்தி சோற்றைப் பிசைந்து, நிதானமாக, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

அதுவரை பொறுத்திருந்த வடிவு தூணை விட்டு வந்தாள்.

"குருவையே மன்னிக்க மாட்டேங்கா. நல்லா வளக்கிய பிள்ளைய," என்றாள் மரகதம் அம்மாவிடம். தாளைப் பிரித்து மகளிடம் நீட்டினாள். "சரி, அவங்க வேத்தாளு. நான் ஒன்னப் பெத்தவ. இதுல கையெழுத்துப் போடு தாயி. என்ன பாக்கெ? எங்கிட்டயும் மாட்டேன்னா சொல்லப்போற?"

மாடத்தி எழுந்து நின்றாள். கதவு இரண்டடியில் திறந்து கிடந்தது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

"ஒங்கிட்டத்தான் மொதல்ல சொல்லணும்," என்றாள்.